லோரான்ஸுக்கு வந்த கடிதம்

ழிசெலைப் பற்றிக் காரைக்கால் தலத்தெருவில் யாரைக் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். பிரான்ஸில் இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூடக் கேன்டீனில் தட்டு கழுவி, பிறகு பரிமாறி, பிறகு நாலு பேரை வேலை வாங்கி, பென்ஷனோடு ஊர் திரும்பியவள். கை சுத்தம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மணி அடிக்குமுன் போய் உட்கார்ந்துவிடுவாள். புருஷனைப் பறிகொடுத்த தங்கச்சியைக் கூடவே வைத்துக் கஞ்சி ஊற்றினாள் என்று அதற்கும் ஒரு நல்ல பேர். அப்பேர்ப்பட்டவள் ஒரு பெரிய பொய்யும் ஒரு சின்னப் பொய்யும் சொன்னாள். பெரிய பொய் தங்கச்சி உயிரைக் காப்பாற்றியது. சின்னப் பொய் ஒரே ஒரு வார்த்தை. அது என்ன பண்ணியது என்று கேளுங்கள்.

இவர்கள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். மூத்தவள் ழிசெல் பிறந்ததும் கையோடு போய்ப் பிரெஞ்சு ஆபீசில் பேரைப் பதிந்துவிட்டு வந்தார். ஆறு வருஷம் கழித்து லோரான்ஸ் பிறந்தாள். ஆண்பிள்ளைக்குக் காத்திருந்த மனுஷன் அதுவும் பெண் என்றதும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு இன்னொரு பேப்பர் என்று பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறவே இல்லை. பொண்டாட்டி கரைச்சல் கொடுத்தபோதெல்லாம் நாளைக்கு, அடுத்த வாரம் என்றார். அப்படியே போய்ச் சேர்ந்தும் விட்டார். ஆக, அக்காள் பிரெஞ்சுக்காரி, தங்கச்சி இந்தியாக்காரி. ஒரே வயிற்றில் பிறந்து ஒரே தட்டில் தின்றதுகள். பின்னால் கோர்ட்டில் நிரூபித்து வாங்கலாம் என்று யாரோ சொன்னார்கள், லோரான்ஸ் அதற்கெல்லாம் அலையவில்லை. அவளுக்குத் திருவேட்டக்குடிக்குப் பஸ்ஸில் போய்க் கரையில் நின்று மீன்காரியோடு மல்லுக்கட்டி சுறா வாங்கி வருவதில் இருந்த ருசி வேறெதிலும் இல்லை. டவுன் மீனை அவள் மீன் என்றே ஒத்துக்கொள்ள மாட்டாள்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால், ழிசெலின் மகள் ஓரேலிக்குப் பிரசவம். பத்தியச் சாப்பாடு செய்துபோட லோரான்ஸ் மூன்று மாச விசாவில் பாரீசுக்குப் போனாள். போன இடத்தில், ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கொத்தமல்லி விதையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ழிசெல் தன் கைக்காசில் ஒரு டாக்டரிடம் காட்டினாள். புற்று என்று வந்தது. சின்னதாக இருக்கிறது, இப்போதே எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்றார் அந்த டாக்டர். ஆனால் விசாவில் வந்தவளுக்கு எந்த ஆஸ்பத்திரி சும்மா அறுத்துப் போடும்? ஊருக்கு அனுப்பினால் பார்க்க யார் இருக்கிறார்கள்? ழிசெல் ஒரு ராத்திரி முழுக்க அழுதாள். விடிந்ததும் கைப்பையைத் திறந்து தன் மருத்துவ அட்டையை எடுத்துத் தங்கச்சி கையில் வைத்தாள். பழைய அட்டை. அதில் படம் கிடையாது.

இதுதான் பெரிய பொய். அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்குள்ளே தங்கச்சி ழிசெல் ஆனாள். பிரெஞ்சு தெரியாத தங்கச்சிக்குப் பேச ஆள் வேண்டுமே, அதனால் அக்காள் லோரான்ஸ் ஆகிக் கூடப் போனாள். ஆறு வயசு வித்தியாசத்தை ஒரு ஈ காக்காய் கேட்கவில்லை. வெள்ளைக்காரர்களுக்கு நம் முகமெல்லாம் ஒரே முகம். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் அக்காவுக்குப் பாஷை வரவில்லையா என்று ஒரு நர்ஸ் மட்டும் கேட்டாள். பயத்தில் வாயடைத்துப் போச்சு என்று சொல்லிச் சமாளித்தாள் ழிசெல். லோரான்ஸ் அக்காவின் பேரையும் பிறந்த தேதியையும் பிரெஞ்சில் கிளிப்பிள்ளை மாதிரி மனப்பாடம் பண்ணினாள். அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அதைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள். இரண்டு பேரும் அதற்கு விழுந்து விழுந்து சிரித்ததும் உண்டு.

மார்பை எடுக்கும்போதே உள்ளே சிலிக்கான் பை ஒன்றை வைத்துவிடலாமா என்று கேட்டார் ஆப்பரேஷன் டாக்டர். நாற்பத்திநாலு வயசுக்கு எனக்கு எதுக்கு அதெல்லாம் என்றாள் லோரான்ஸ். ழிசெல்தான் கேட்கவில்லை. ஒரு பக்கம் காலியாக ஊருக்குப் போனால் நாலு பேர் நாலு விதமாகக் கேட்பார்கள், சேலை நிற்காது, வைக்கட்டும் என்றாள். வைத்தார்கள். ஆறாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள், பிறகு மாத்திரையோடு முடிந்தது. ஊரில் கேட்டவர்களுக்கு மெட்ராஸில் ஆப்பரேஷன் என்று சொல்லி வைத்தார்கள். இதைப் பற்றி யார் என்ன கேட்டாலும் அக்காள்தான் வாய் திறப்பாள், தங்கச்சி மூச்சு விடக் கூடாது என்று இருவருக்கும் ஒரு பேச்சு.

ழிசெலுக்கும் இதில் வலி உண்டு, இல்லாமல் போகுமா? அங்கே உள்ள கம்ப்யூட்டரில் எல்லாம் அவளுக்கு இடது மார்பு இல்லை. டாக்டரிடம் போய்ச் சட்டையைக் கழற்றினால் குட்டு உடைந்துவிடும். அதனாலேயே அவள் ஒரு காய்ச்சலுக்குக்கூட டாக்டர் வாசலை மிதிக்காமல் ஓட்டினாள். புருஷனும் போனபிறகு மூட்டையைக் கட்டிக்கொண்டு காரைக்காலுக்கே வந்துவிட்டாள்.

கொரோனா அடங்கின வருஷம் அவள் பேருக்கு ஒரு கடிதம் வந்தது. அந்த ஆஸ்பத்திரியிலிருந்துதான். ழிசெல் வாசலில் நின்றபடியே பிரித்துப் படித்தாள். மதாம், நீங்கள் இடது மார்பில் சொரசொரப்பான மேலுறை கொண்ட, இன்ன எண் போட்ட சிலிக்கான் பையைச் சுமப்பவர், என்று ஆரம்பித்தது. அப்படிச் சொரசொரப்பான பை வைத்த பெண்களில் மிகச் சிலருக்குப் பல வருஷம் கழித்துப் பையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்கிறது, அதிலிருந்து ஒரு புற்று வருகிறது, அது மார்புப் புற்று இல்லை, வேறு வகை. ஏன் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். அந்தப் பையை இப்போது நாங்கள் வைப்பதில்லை. வீக்கம் கண்டால் ஒருநாள்கூடத் தாமதிக்காமல் வாருங்கள், ஆரம்பத்திலேயே பையை எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும். கீழே ஒரு துண்டுச் சீட்டு. அதில் இரண்டு கட்டம். வீக்கம் இருக்கிறது, ஒன்று. எந்தத் தொந்தரவும் இல்லை, இன்னொன்று.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். ழிசெலுக்கு மடி முழுக்கக் கனம். பதில் போடாமல் இருந்தால் தேடிக்கொண்டு ஆள் வருமோ, நேரில் வா என்பார்களோ, சட்டையைக் கழற்றச் சொல்வார்களோ என்று மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு யோசனை தோன்றியது. கடிதம் யாருக்கு? ழிசெலுக்கு. ழிசெலுக்கு வீக்கம் இருக்கிறதா? இல்லை. பேனாவை எடுத்து இரண்டாம் கட்டத்தில் ஒரு கோடு இழுத்து, கையெழுத்துப் போட்டு, தபாலில் சேர்த்துவிட்டு வந்தாள். கடிதத்தைப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். லோரான்ஸிடம் சொல்லவில்லை. வீணாகப் பயப்படுவாள், மிகச் சிலருக்குத்தானே, ஆயிரம் சாமி இருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். லோரான்ஸ் அன்றைக்குச் சுறாப்புட்டு பண்ணியிருந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

போன மாசி மாசம் லோரான்ஸின் இடது பக்கம் வீங்கியது. இரண்டே வாரத்தில் ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை. காரைக்கால் ஆஸ்பத்திரி டாக்டர் ஊசி போட்டு நீரை உறிஞ்சினார், கிருமி என்று மாத்திரை கொடுத்தார். வடிந்தது, மறுபடி வந்தது. இரண்டாம் தடவை நீரைப் பரிசோதனைக்கு அனுப்பியபோது பழைய புற்று திரும்பவில்லை என்று வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று லோரான்ஸ் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள். ழிசெலும் கூடப் போனாள். பீரோவுக்குள் இருப்பது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். ஆனால் டாக்டரே கிருமி என்கிறாரே, அவரைவிட எனக்கு என்ன தெரியும் என்று அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பாவி, வேறு எதையாவது பிடித்திருக்கக் கூடாதா!

சித்திரையில் ஒரு காலை, ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். சிவப்ரியா, ஆஸ்பத்திரி லேப் டாக்டர், கோவில்பத்துக்காரி. நோயாளியின் ரத்தத்தையும் நீரையும் பார்க்கிறவளே தவிர முகத்தைப் பார்க்கிறவள் இல்லை. அவள் வீடு தேடி வந்ததே அதிசயம். லோரான்ஸ் காப்பி போட எழுந்தாள், வேண்டாம்மா உட்காருங்க என்று அவளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு நோட்டை விரித்தாள். இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில், மார்பில் பை வைத்துப் பிறகு தொந்தரவு வந்த பெண்களைப் பற்றி இரண்டு வருஷமாகத் தகவல் சேர்த்துக்கொண்டிருந்தாள் அவள். ஒருத்திக்குக் கிருமி, ஒருத்திக்குப் பை கசிவு, ஒருத்திக்குச் சுற்றிலும் சதை கல்லாக இறுகிப்போச்சு. எதனால் கெட்டது என்று யாரும் எழுதி வைப்பதில்லை, பையை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்கு ஆத்திரம். பதினோரு பேர் சேர்ந்திருந்தார்கள். லோரான்ஸ் பன்னிரண்டாவது.

நீரில் சில பெரிய உயிரணுக்களைப் பார்த்தேன், எனக்குச் சரியாகப் படவில்லை என்றாள். அதற்கென்று தனிச் சாயப் பரிசோதனை இருக்கிறது, மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும், எங்கள் ஆப்பரேஷன் டாக்டர் அது அனாவசியம் என்கிறார், நான் சண்டை போட்டு அனுப்ப வேண்டுமானால் ஒரு காரணம் வேண்டும் என்றாள். எந்த வருஷம் வைத்தது, எங்கே, சின்னதாக ஒரு கார்டு கொடுத்திருப்பார்களே, அது எங்கே என்று வரிசையாகக் கேட்டாள். லோரான்ஸ் எல்லாக் கேள்விக்கும் அக்காள் முகத்தைப் பார்த்தாள். பழைய பேச்சு அது, மூச்சு விடக் கூடாது. மெட்ராஸ் என்றாள் ழிசெல். கார்டு வெள்ளத்தில் போச்சு என்றாள்.

சிவப்ரியா பேனாவை மூடினாள். பிறகு திறந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கம்மா, போதும். அந்தப் பை மேல சொரசொரப்பா இருந்துச்சா, வழவழப்பா இருந்துச்சா?"

அந்த நிமிஷம் ழிசெலுக்கு எல்லாம் தெரிந்தது. சொரசொரப்பு என்றால் அடுத்த கேள்வி வரும், எந்தக் கம்பெனி, எந்த ஆஸ்பத்திரி, யார் பேரில். பாரீசுக்கு எழுதுவார்கள். அட்டை விஷயம் வெளியே வரும், ஓரேலி பேர் அடிபடும், பென்ஷனை நிறுத்திக் கோர்ட்டுக்கு இழுப்பார்கள். அடுப்பில் பால் பொங்குகிற நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அத்தனையும் அவள் கண்முன் வந்து போனது. தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் உடம்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்பது மட்டும் அப்போது தோன்றவில்லை.

"வழவழப்புதான் டாக்டர். வைக்கிறதுக்கு முன்னாடி எங் கையில குடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னாங்க. உரிச்ச முட்டை மாதிரி இருந்துச்சு."

அந்த முட்டையை ஏன் சேர்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. பொய்க்குக் கை கால் வைத்தால்தானே நடக்கும்? சிவப்ரியாவின் தோள் இரண்டும் இறங்கின. நல்லவேளை, வழவழப்பு என்றால் நான் பயந்தது வருவது ரொம்ப ரொம்ப அபூர்வம், ஒரு கெட்ட சந்தேகத்தை அடித்துவிடலாம் என்று நோட்டில் ஒரு வரியின் மேல் கோடு போட்டாள். ழிசெல் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். லோரான்ஸ் எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு நாலு மாசம். மாத்திரை மாற்றினார்கள், நீர் எடுத்தார்கள், கொஞ்சம் வடியும். ஆனியில் மார்பில் கட்டியாகவே கைக்குத் தட்டுப்பட்டது. ஆடியில் அக்குளிலும் வந்தது. லோரான்ஸ் ராத்திரியெல்லாம் வியர்த்துக் கொட்டி எழுந்து நைட்டி மாற்றினாள். திருவேட்டக்குடி போவது நின்றது. டவுன் மார்க்கெட்டில் ழிசெல் வாங்கிவந்த மீனை ஒரு வார்த்தை குறை சொல்லாமல் சாப்பிட்டாள். ழிசெலுக்கு அதுதான் தாங்கவில்லை. ஓரேலிக்குப் போன் போட்டு, நான் போய்ச் சொல்லிவிடப் போகிறேன் என்று அழுதாள். சொல்லிக் கிழிக்காதே, உன்னையும் என்னையும் சேர்த்து உள்ளே வைப்பான், சித்திக்கு நல்ல டாக்டராகப் பார் என்றாள் மகள். ழிசெல் இன்னும் ஒன்பது நாள் பொறுத்தாள். எண்ணி ஒன்பது நாள். அதை அவள் பின்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது தனியாகச் சொன்னாள்.

பத்தாம் நாள் பீரோவைத் திறந்து, கடிதத்தை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு லேப்புக்குப் போனாள். சிவப்ரியா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். ழிசெல் கடிதத்தை மேஜையில் வைத்தாள். பிரெஞ்சு எனக்குத் தெரியாதே, நீங்களே படித்துச் சொல்லுங்கள் என்றாள் அந்தப் பெண். ஆக, தன் வாயாலேயே அதைத் தமிழில் சொல்லவேண்டி வந்தது. மதாம் ழிசெல் என்று ஆரம்பித்து, சொரசொரப்பு என்ற இடத்தில் நின்றாள். தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு மீதியையும் சொல்லி முடித்தாள்.

"இதுல நீங்க நீங்கன்னு போட்டிருக்கே. யாரும்மா அது?"

"பேரு என்னுது டாக்டர். ஒடம்பு அவளோடது."

பிறகு அட்டைக் கதை முழுவதும் சொன்னாள். சிவப்ரியா கடிதத்தைக் கையில் எடுத்தாள். கீழே சீட்டைக் கத்தரித்திருந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பதில் போட்டீர்களா என்று மட்டும் கேட்டாள். போட்டேன் என்றாள் ழிசெல். என்னவென்று? ஒன்றுமில்லை என்று.

சிவப்ரியா கடிதத்தை மடித்து ழிசெல் பக்கம் நகர்த்தினாள். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் ழிசெலுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எதனால வருதுன்னு கண்டுபிடிக்க அவங்க ஆளு எண்ணிக்கிட்டு இருக்காங்கம்மா. இத்தனை பேருக்கு வெச்சோம், இத்தனை பேருக்கு வந்துடுச்சு, இத்தனை பேரு நல்லா இருக்காங்கன்னு. உங்க தங்கச்சிய நீங்க நல்லா இருக்கிறவங்க கூட்டத்துல நிறுத்திட்டீங்க."

நானும் நிறுத்தினேன் என்றாள். ஒருத்தர் வாய் வார்த்தையை நம்பி நான் அந்தப் பரிசோதனையை விட்டிருக்கக் கூடாது, வழவழப்போ சொரசொரப்போ அனுப்பியிருக்க வேண்டும் என்றாள். அன்று மத்தியானமே புதிதாக நீர் எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினாள். எட்டாம் நாள் பதில் வந்தது. அவள் பயந்த அதே நோய். சித்திரையில் பிடித்திருந்தால் பையையும் அதைச் சுற்றிய சதையையும் எடுப்பதோடு பெரும்பாலும் முடிந்திருக்கும். இப்போது அக்குள் தாண்டி மார்புக்கூட்டுக்குள்ளேயும் போய்விட்டது என்று ஸ்கேன் சொன்னது.

புரட்டாசியில் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆப்பரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ழிசெல் தங்கச்சியிடம் சொன்னாள். கடிதம் வந்தது, மறைத்தது, கட்டத்தில் கோடு போட்டது, உரித்த முட்டை, எல்லாம். ஒன்றையும் விடவில்லை. லோரான்ஸ் கையை நீட்டினாள். ழிசெல் கடிதத்தைக் கொடுத்தாள். அவளுக்கு ஒரு எழுத்து தெரியாது, இருந்தாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரலை ஓட்டினாள். இதில் நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டாள். இடது மார்பு என்று எழுதியிருந்த இடத்தை ழிசெல் தொட்டுக் காட்டினாள்.

"அப்ப இது எனக்கு வந்த லெட்டரு அக்கா. எனக்கு வந்த லெட்டருக்கு நீ ஏன் பதில் போட்ட?"

சத்தம் போடவில்லை, அழவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரிக் கேட்டாள். ழிசெல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். லோரான்ஸ் கடிதத்தை நாலாக மடித்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை தள்ளுவண்டியில் படுக்கவைத்து ஊசி போட்டுவிட்டார்கள், பாதி மயக்கம். ஆப்பரேஷன் அறை வாசலில் நர்ஸ் குனிந்து, உங்க பேரு சொல்லுங்கம்மா என்றாள். லோரான்ஸ் கண்ணைத் திறக்காமலே, பதினாலு வருஷத்துக்கு முன்னால் வெங்காயம் நறுக்கிக்கொண்டே படித்த பாடத்தை ஒப்பித்தாள். பிரெஞ்சில் தெளிவாக, ழிசெல் என்று பேரும், அக்காவின் பிறந்த தேதியும். நர்ஸ் திடுக்கிட்டு மணிக்கட்டுப் பட்டையைத் திருப்பிப் பார்த்தாள், இது வேற ஆளா என்று வண்டியை நிறுத்தினாள். ழிசெல் ஓடிவந்தாள்.

"இல்லம்மா. ழிசெல் நானு. இவ லோரான்ஸ். இவ பேரு லோரான்ஸ்தான்."

ஒரு ஆஸ்பத்திரியில் அந்த வாக்கியத்தை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. பட்டையைப் பார்த்துச் சரி என்று வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் டாக்டரிடம் கெஞ்சிக் கேட்டு அந்தப் பையைப் பார்த்தாள். பிளாஸ்டிக் டப்பாவில் கிடந்தது. கையுறை போட்டுக்கொண்டு தொட்டாள். சுறாத் தோல் மாதிரி இருந்தது. லோரான்ஸ் கொதிநீர் ஊற்றிச் சுரண்டிச் சுரண்டி எடுப்பாளே, அந்தச் சொரசொரப்பு. பின்பக்கம் பொறித்திருந்த எண்ணும் கடிதத்தில் இருந்த எண்ணும் ஒன்று. பையை எடுத்தும் உள்ளே போனது போகவில்லை. மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, வாய் புண்ணானது. தண்ணீர் தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? மார்கழிக் கடைசியில் லோரான்ஸ் போய்விட்டாள். அந்தக் கடிதத்தைப் பற்றி அவள் மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அக்கா என்று கூப்பிடுவதையும் நிறுத்தியிருந்தாள். தண்ணி, போர்வை, வலிக்குது, அவ்வளவுதான். ழிசெல் அக்கா என்ற அந்த ஒரு சொல்லுக்காகக் கடைசி மூச்சு வரைக்கும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், வரவில்லை.

அடக்கத்துக்குச் சிவப்ரியாவும் வந்திருந்தாள். மண் போட்டுவிட்டு ஓரமாக நின்றாள். ஒரு மாசம் கழித்து வீட்டுக்கு வந்து, லோரான்ஸ் அம்மாவைப் பற்றி எழுதி முடித்துவிட்டேன், பேரில்லாமல் எழுதியிருக்கிறேன் என்றாள். பாரீசில் அவர்கள் எண்ணுகிற கணக்கில் மட்டும் இது சேராது, அங்கே இந்தப் பை வைத்தவர் பேர் வேறு, அவர் நன்றாக இருக்கிறார் என்றாள். நீங்கள் அந்தக் கணக்கைத் திருத்துங்கள் என்று அவள் கேட்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மாசியில், வீக்கம் வந்த அதே மாசத்தில், தபால்காரர் ஒரு உறை கொண்டுவந்தார். அதே ஆஸ்பத்திரி. சில வருஷத்துக்கு ஒருமுறை அனுப்புவார்கள் போல. மதாம் ழிசெல், சென்ற முறை நீங்கள் நலமாக இருப்பதாகத் தெரிவித்திருந்தீர்கள், நன்றி, என்று ஆரம்பித்தது. நன்றி! ழிசெல் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தடவை சீட்டில் மூன்றாவதாக ஒரு கட்டம் இருந்தது. பையைச் சுமந்தவர் இறந்திருந்தால் உறவினர் நிரப்பவும்.

ஓரேலியிடம் சொல்லவில்லை. பேனாவை எடுத்து மூன்றாம் கட்டத்தில் கோடு போட்டாள். அதற்குக் கீழே, சுமந்தவர் பேர் என்ற இடத்தில், அவர்களே அச்சடித்து அனுப்பியிருந்தார்கள், ழிசெல் என்று. உறவினர் பேர் என்ற இடம் காலியாக இருந்தது, அதில் அவளும் எழுத வேண்டியது ழிசெல்தான். செத்தவளும் ழிசெல், சொல்கிறவளும் ழிசெல். அப்படியே விட்டால் பாரீசில் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள், தவறுதலாக யாரோ நிரப்பியது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

பிறகு அச்சடித்த தன் பேரை ஒரே கோடாக அடித்தாள். மேலே லோரான்ஸ் என்று எழுதினாள். முழுப் பேரும், அப்பா பேரும், காரைக்காலில் பிறந்த தேதியும், போன தேதியும். பின்பக்கத்தில் அட்டை யாருடையது, போன தடவை கோடு போட்டது யார் என்று பிரெஞ்சில் ஏழு வரி எழுதினாள். கேன்டீன் பிரெஞ்சு, பிழை இருக்கும். எழுதி முடித்து முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த மூன்று மாச விசாவை விட்டால், பிரெஞ்சுக்காரர்களின் காகிதம் ஒன்றில் தங்கச்சியின் பேர் ஏறுவது இதுதான் முதல் தடவை. அப்பா பஸ் ஏறிப் போய் எழுதியிருக்க வேண்டிய பேர்.

உறவு என்று ஒரு இடம் மிச்சம் இருந்தது. அதில் அக்கா என்று எழுதிவிட்டு, இதையாவது எழுத எனக்குப் பாத்தியதை இருக்கிறதா என்று ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேலை மாற்றிக்கொண்டு, தபால் ஆபீஸ் மூடுமுன் போய்ச் சேர வேண்டும் என்று கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.